மாப்பிள்ளையின் சத்தம் காணாமல் போன வெள்ளிக்கிழமை

“எனக்குத் தெரியாது” என்ற வார்த்தையை நான் முப்பது வயது வரை பாவித்ததே கிடையாது. அதிலும் கம்பியூட்டர் விஷயத்தில் அதை வாயில் எடுப்பது மானப் பிரச்சினை. கல்முனையில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். (உம்மா அதை லெமினேட் பண்ணி, வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்த படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தா. வாப்பாவைத்தான் கொஞ்சம் ஒதுக்கவேண்டி வந்தது.) அன்றிலிருந்து சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு இயந்திரம் படுத்தாலும் “ஸித்தி ராத்தாவக் கூப்பிடுங்க” என்பார்கள். நானும் போவேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பாதி எழும்பிவிடும். மீதியைப் பார்த்து, “மதர்போர்ட் போயிட்டு” என்று மௌத்துச் செய்தி சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன்.

இப்படிப்பட்ட என் கையில்தான் தங்கச்சி ஸஃப்ரினாவின் வாழ்க்கை வந்து மாட்டியது.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் பேசி முறிந்திருந்தது. மூன்றாவது, சம்மாந்துறை மாப்பிள்ளை. கத்தாரில் வேலை. அவருடைய உம்மா வந்து பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், மோதிர அளவு வரைக்கும் விசாரித்துவிட்டுப் போயிருந்தா. மாப்பிள்ளை மட்டும், எங்கள் வீட்டாரோடு ஒரு தரம் முகம் பார்த்துக் கதைத்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றாராம். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு அஸர் தொழுகை முடிந்து, எங்கள் நேரம் நாலு மணிக்கு என்று தீர்மானமாயிற்று.

“போன்லயே கதைப்பமே” என்றா உம்மா.

“நாலு பேரு ஒரு போனுக்குள்ள தலைய நீட்டிக்கிட்டு நிண்டா மாப்புள என்ன நினைப்பாரு? கம்பியூட்டர்ல போடுவம். பெரிய திரை, பெரிய ஸ்பீக்கர். பொறுப்ப என்னட்ட விடுங்க” என்றேன்.

(இந்தக் கடைசி வசனத்தை நான் சொன்ன போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் அழுதிருக்கிறார்கள்.)

ஸஃப்ரினா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். “ராத்தா, எனக்கு இவரப் புடிச்சிரிக்கி. இத மட்டும் கெடுத்துப் போட்டுறாதீங்க.” கண் கலங்கியிருந்தது. அவளுக்காகத்தான் இத்தனை பாடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். மேசையைத் துடைத்து, புதுத் துணி விரித்து, கெமராவை வாப்பாவின் நெற்றி உயரத்துக்குத் தூக்கிவைத்தேன். சத்தம் பார்க்க ஒரு வட்டிலப்பம் செய்யும் வீடியோவை முழுச் சத்தத்தில் போட்டேன். எத்தனை முட்டை என்பது ஒழுங்கைக்கே தெரிந்துவிட்டது. எல்லாம் திறம். பள்ளிவாசலில் அஸர் வாங்கு சொன்னதும் எல்லாவற்றையும் அடக்கிவிட்டுத் தொழப் போனேன்.

நாலு மணிக்கு எல்லாரும் கம்பியூட்டர் முன்னால் ஆஜர். நடுவில் வாப்பா, இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் மாமி. மாமி வாப்பாவின் தங்கச்சி, பக்கத்து வீடு. சாதாரணமாகக் கதைத்தாலே கடற்கரையில் தோணி தள்ளுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஸஃப்ரினா குசினி வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள்.

மாப்பிள்ளை திரையில் வந்தார். சிரித்தார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

“வஅலைக்கும் ஸலாம்” என்றார் வாப்பா, குத்துமதிப்பாக.

திரையில் சத்தத்தின் அளவைப் பார்த்தேன், நூற்றுக்கு நூறு. வயரைக் கழற்றிக் கொளுவினேன். இல்லை. ஊதிவிட்டுக் கொளுவினேன். இல்லை. சவுண்ட் டிரைவர் பழுது என்று தீர்ப்பளித்து அதை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். அப்போதும் மாப்பிள்ளை மீன் தொட்டிக்குள் இருக்கிற மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டினார்.

“அவருக்கும் கேக்குதில்லயாம்” என்று மொழிபெயர்த்தேன்.

“அப்ப நாங்க கதைக்கிறதும் அங்க போகாதா?” என்று கேட்டா உம்மா.

ஆறு மாதச் சான்றிதழை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தேன். “போகாது உம்மா. சத்தம் எண்டா ரெண்டு பக்கமும் ஒரே பாதைதான். இஞ்ச வராட்டி அங்கயும் போகா. நீங்க பயப்படாமக் கதையுங்க” என்றேன்.

அல்லாஹ்வே! அந்த வசனத்தைத் திரும்ப விழுங்க ஏலுமென்றால் இன்றைக்கும் விழுங்குவேன்.

மாமிக்கு அது போதும். “அப்பாடா! கேக்கட்டா? படத்துல தொப்பி போட்டிருந்தாரு. இப்பதானே தெரியிது. முன்பக்கம் சம்மாந்துற வயல் அறுத்து முடிஞ்ச மாதிரி இரிக்கே!”

“மெதுவாக் கதை” என்றார் வாப்பா. பிறகு அவரே குனிந்து பார்த்தார். “தனி ரூம் எண்டாங்க. மேல ஒரு கட்டில் தெரியுதே? அதுல ஆரு படுக்கிற?”

“மெலிஞ்சிதான் போயிரிக்காரு. ஒழுங்காத் தின்ன மாட்டார் போல” என்று உம்மா கவலைப்பட்டா.

நான் மேசைக்குக் கீழே, வயர்க் காட்டுக்குள் கிடந்தேன். வியர்த்துக் கொட்டியது. நான் பிழை விட்டிருப்பேன் என்ற எண்ணம் மட்டும் கிட்டவும் வரவில்லை. “எங்கட பக்கம் எல்லாம் சரி. பிழ அவருட பக்கம்தான்” என்று அங்கிருந்தே அறிவித்தேன். “ஒரு சவுண்ட் வைக்கத் தெரியாத ஆளு கத்தார்ல போய் என்னத்தக் கிழிக்கிறாரோ!”

மாமி சிரித்தா. வாப்பா சிரிக்கவில்லை. “ஒழுங்காக் கதைக்காத ஆளுக்கு எப்படிப் புள்ளயக் குடுக்கிற? இன்னொரு நாளைக்குப் பாப்பம். மூடு” என்றார்.

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். முந்திய இரண்டு சம்பந்தமும் இன்னொரு நாளைக்கு என்றுதான் போயின. இரண்டும் திரும்பி வரவில்லை.

நான் கீழேயிருந்து எழும்புவதற்குள் சீலை விலகியது. ஸஃப்ரினா வாசலில் நின்றாள்.

“முடி இல்லாட்டி என்ன வாப்பா? அரமணித்தியாலமா ஒரு மனிசன் கதைச்சிக் கதைச்சிப் பாக்காரு. ஒரு கோவம் இல்ல. சிரிச்சிக்கிட்டே இரிக்காரு. ராத்தா பண்ற கூத்தப் பாத்து எனக்கே அடிக்க வருகுது, அவருக்கு வரல்ல. எனக்கு இந்த மனிசன் போதும்.”

திரையில் மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. அவர் சடாரென்று குனிந்தார். கதிரை காலி.

“பாத்தியா, போயிட்டாரு” என்றா மாமி. ஸஃப்ரினாவின் முகம் வெளுத்துப்போயிற்று. மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். கையில் ஒரு கடதாசி. அதைக் கெமராவுக்கு நேரே பிடித்தார். வாப்பா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுத்துக் கூட்டி, வீட்டுக்கே கேட்கும்படி வாசித்தார்.

“எனக்கு... எல்லாம்... கேட்குது.”

மாமி அப்படியே முந்தானையால் முகத்தை மூடினா. உம்மா “யா அல்லாஹ்” என்றதோடு சரி. ஸஃப்ரினா சீலையைத் தேடினாள். அவசரத்தில் அது கைக்கு அகப்படவில்லை.

இரண்டாவது கடதாசி வந்தது. அதை நான்தான் வாசிக்கவேண்டி வந்தது. “வாங்குக்குக் குறைச்ச சத்தத்தத் திரும்பக் கூட்டினீங்களா?”

எங்கள் ஊர்களில் வாங்கு காதில் விழுந்தால், டிவியோ ரேடியோவோ, யோசிக்காமலே கை போய்ச் சத்தத்தை அடக்கிவிடும். (மாமிகூட அந்த நேரத்தில் மட்டும் வாயை மூடுவா.) வட்டிலப்பக்காரியை அடக்கியதும் அதே கைதான். ஸ்பீக்கரின் முன்பக்கம், எல்லார் கண்ணுக்கும் நேரே, ஒரு வட்டப் பொத்தான். அது சத்தம் குறைகிற பக்கம் அடியோடு திரும்பிக் கிடந்தது. டிரைவரையே அழித்த எனக்கு அது கண்ணில் படவில்லை. கத்தாரில் இருந்த மனிதருக்கு விளங்கியது. அவர் வீட்டிலும் அதே பழக்கம்தானே.

திருப்பினேன். பதற்றத்தில் கடைசிவரைக்கும் திருப்பிவிட்டேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்!” வீடே அதிர்ந்தது. முற்றத்துக் கோழி கத்திக்கொண்டு ஓடியது.

மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். “மாமா, மேல் கட்டிலுல ஆள் இல்ல, என்ட சூட்கேஸ்தான் கிடக்கு. உங்கட போனுக்கும் மெசேஜ் போட்டன், பாக்கல்லயோ?” (ஜும்ஆவுக்காக வாப்பா சத்தமில்லாமல் வைத்த போன், ஆணியில் தொங்கிய சேட்டுப் பையில். பிறகு எடுத்துப் பார்த்தால் ஏழு மெசேஜ்.) “உம்மா, நான் நல்லாத்தான் தின்றன். மாமி, வயல் அறுத்ததுதான், அடுத்த போகத்துக்கு விதைக்க ஏலாது.” கொஞ்சம் நிறுத்தி, “கடைசியாக் கதைச்சவங்க சொன்னத மட்டும் இன்னொருக்காக் கேக்கலாமா?” என்றார்.

ஸஃப்ரினா அதற்குள் குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க எப்ப மகன் ஊருக்கு வாறீங்க?” என்று கேட்டார். மகன் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது.

கலியாணம் முடிந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்து முதல் வேலையாக எடுத்தது அந்த முதல் கடதாசியைத்தான். கம்பியூட்டர் திரைக்கு மேலே ஒட்டிவிட்டார். ஒவ்வொரு வாங்குக்கும் டிவியை அடக்குவார். முடிந்ததும் கூட்டிவிட்டு, என்னைப் பார்த்து, “மதினி, கூட்டிட்டன்” என்று பவ்வியமாக அறிக்கை தருவார். ஒரு நேரம் தவறவிட்டதில்லை.

மாமிதான் பாவம். ஊர்க்கதை தொடங்க வாயைத் திறப்பா, கண் மேலே போகும், மூடுவா. “அந்தக் கடதாசியக் கழட்டிப் போடுங்களன். இந்த வீட்டுல ஒண்டும் கதைக்க ஏலாமக் கிடக்கு” என்று கெஞ்சுகிறா.

ஒட்டு இரண்டு தரம் விட்டுப்போயிற்று. இரண்டு தரமும் கதிரை போட்டு ஏறி, திரும்ப ஒட்டியது நான்தான். அந்தப் பொறுப்பை மட்டும் இன்னும் என்னிடம் விட்டிருக்கிறார்கள்.