இறங்கினால் சுற்றும், ஏறினால் சுற்றாது

சுவிட்சைத் தட்டி, பெட்டியைத் தட்டி, கடைசியில் தன் நெற்றியையே தட்டிக்கொண்டார் குமாஸ்தா வேலை பார்க்கும் தங்கையா கிராணி. மலைமேல் இருந்த தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டரின் திரையில் வெளிச்சம் வந்தது. ஆனால் ஆட்களின் பெயரும் வேலை விவரமும் குடியிருந்த ஹார்டு டிஸ்க் மட்டும் ஒரு முனகல்கூட இல்லாமல் கிடந்தது.

மேனேஜர் துரை எட்டிப் பார்த்தார். "என்னாச்சு கிராணி?"

"டிஸ்க் சுத்தலங்க தொரை. சனிக்கெழமை வரைக்கும் நல்லாத்தான் சுத்துச்சு."

"வெள்ளிக்கெழமை கோலாலம்பூர் ஹெட்டாபீஸ்லருந்து பெரியவரு வர்றாரு. இதப் பாக்கத்தான் வர்றாரு. ஓடலன்னா நீங்க பழையபடி இலை நிறுக்கிற கொட்டாய்க்கே போயிரலாம்."

தங்கையா பாதி ஆயுசை அந்தக் கொட்டகையில், ஈரக் கூடைகளுக்கு நடுவே நின்றே கழித்தவர். போன வருடம் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் உட்கார நாற்காலியும், கதவு வைத்த அறையும், 'கம்ப்யூட்டர் கிராணி' என்ற பட்டமும் கிடைத்தன. அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி, தானா ராத்தா ஊர்க் கடைத்தெருவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டிருந்தாள்.

டிஸ்க்கைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இருளப்பன் ஓட்டிய தோட்டத்து லோரியில் ஈப்போவுக்கு இறங்கினார். கம்ப்யூட்டர் கடையின் சீன முதலாளி தவுக்கே அதைத் தன் மிஷினில் மாட்டினார். டிஸ்க் ஜம்மென்று சுற்றியது.

"நல்லா இருக்குலா! சும்மா ஏன் வந்தே?"

தங்கையா வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார். மறுநாள் காலையில் மாட்டினார். டிஸ்க் மூச்சுவிடவில்லை.

"ரிப்பேர் இல்லன்னு சொன்னாங்களே?" என்றார் துரை. ஆபீஸில் டீ போடும் பாஞ்சாலை, மகள் பிரசவத்துக்காக ஞாயிற்றுக்கிழமையே தாப்பா ஊருக்குப் போயிருந்ததால், தேயிலைத் தோட்டத்து மேனேஜருக்கே வாய் நனைக்க டீ இல்லை. அந்தக் கோபமும் தங்கையா தலையில்தான் விடிந்தது. "புதுசு வாங்கிட்டு வாங்க, போங்க!"

புது டிஸ்க் வந்தது. பழையதற்கு இரண்டு பட்டை வயர். புதியதற்கோ ஒரே ஒரு அகல வாய். எந்த வயரும் அதில் நுழையவில்லை.

"அமுக்குனா போயிரும் கிராணி. லோரி பேட்டரிக்கு நான் அப்புடித்தான் செய்வேன்," என்ற இருளப்பன், தடுப்பதற்குள் அமுக்கியேவிட்டான். உள்ளேயிருந்த ஊசிகள் வரிசையாகத் தலை சாய்ந்தன. தங்கையா, தன் மனைவியின் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். நிமிர்த்த நிமிர்த்த இருளப்பனையும் அவன் வம்சத்தையும் வாய்க்குள்ளேயே வாழ்த்தினார்.

தவுக்கேவுக்குப் போன் போட்டார். "புது டிஸ்க்குக்கு புது கார்டு வேணும்லா. பழசக் கொண்டா, மாத்தித் தர்றேன்."

கார்டு வந்தது. அதன் வால் நீளம். பெட்டிக்குள் போர்டில் இருந்த பள்ளமோ குட்டை. கார்டுக்காகப் போர்டை மாற்றினார். போர்டு அந்தத் தட்டையான தகரப் பெட்டிக்குள் உட்கார மறுத்தது. போர்டுக்காகப் பெட்டியை மாற்றினார். நெட்டுக்குத்தாக நிற்கும் ஒல்லிப் பெட்டி வந்தது. எல்லாம் மாட்டி முடித்தால், பழைய கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினாலும் திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை. அதையும் மாற்றினார். பிறந்த நாளிலிருந்து அவர் இத்தனை தடவை மலை இறங்கி ஏறியதில்லை. ரிங்லெட் மலைப்பாதை வளைவுகளில் குடல் வாய்க்கு வந்து வந்து போனது.

ஒருவழியாகப் புது டிஸ்க் சுற்றியது. ஆனால் உள்ளே ஒரு பெயர்கூட இல்லை! பெயரெல்லாம் பழைய டிஸ்க்கில். பழைய டிஸ்க்கோ புது கார்டோடு பேசாது.

வியாழக்கிழமை, பழைய டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஈப்போ. தவுக்கே அதற்குக் கரண்டு மட்டும் கொடுத்துப் பார்த்தார். சனியன், அங்கே மட்டும் சுற்றியது.

"மேல ரொம்பக் குளிருலா. உள்ள எண்ணெய் கெட்டியாப் போச்சு. காலையில கொஞ்சம் சூடு காட்டினா சுத்தும்."

"அதான் தெரிஞ்சு போச்சே! எங்க பழைய கார்டக் குடு தவுக்கே, பெயரெல்லாம் எடுத்துக்கிறேன்."

"உன் கார்டு, என் பழைய மிஷின் எல்லாம் சேத்து நேத்துத்தான் வித்தேன்லா."

தங்கையாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடை வாசலில் நின்று, வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பெரியவர் வந்து புதுப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். திரை துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. துரையின் முகம் கறுத்தது.

"பேரெல்லாம் எங்க கிராணி?"

"பழைய டிஸ்க்குல இருக்குங்க தொரை. அது குளிருல சுத்தாதாம்."

"குளிரா? ஒரு வருஷமா இதே மலையில, இதே குளிருலதான சுத்துச்சு? இந்த வாரம் மட்டும் குளிரு புதுசா வந்துச்சா?"

அதே கேள்வியைத்தான் தங்கையாவும் ராத்திரியெல்லாம் தன்னையே கேட்டுப் புரண்டிருந்தார்.

"நீங்கதான் எதையோ நோண்டிக் கெடுத்திருக்கீங்க. திங்கக்கெழமைலருந்து கொட்டாய்க்குப் போங்க!"

அப்போது கதவு திறந்தது. பேரன் பிறந்த சந்தோஷத்தோடு தாப்பாவிலிருந்து திரும்பியிருந்த பாஞ்சாலை, ஆவி பறக்கும் பெரிய கெட்டிலோடு உள்ளே வந்தாள். வந்தவள் ஒல்லிப் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ, தட்டையா இருந்த பெட்டிய எங்க கிராணி? தொரை மேசையில வெச்சா பாலீஷ் போயிரும்னு, தெனம் காலையில நீங்க வர்ற வரைக்கும் இந்தச் சுடுகெட்டில அதுமேலதானே வெச்சிருப்பேன்!"