ஷாஜினுக்கு நீங்கள் அனுப்பிய லேப்டாப் குறித்து

ஆம்பூர்
12.8.2007

கர்த்தருக்குள் அன்பான ஏசுராஜ் மாமாவுக்கு,

ஜோவின் எழுதுவது. அம்மா சுகம். நான் சுகம். தம்பி ஷாஜின் எங்கள் இருவரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். அங்கே அத்தையும் அக்சாவும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசியிருக்கலாம். பேசினால் ஷாஜின் பக்கத்தில் நிற்பான். அதனால் கடிதம்.

எங்கள் கம்பெனியின் சென்னை ஆபீசில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பான நீங்கள், இங்கே ஃபேக்டரியில் ஷூவுக்குப் பேட்டர்ன் வரைய அவனுக்கு ஒரு லேப்டாப் அனுப்பினீர்கள். அதே ஃபேக்டரியில், எம்.ஏ. முடித்துவிட்டு ஷிப்பிங் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு கால்குலேட்டர்கூட வரவில்லை. அதைப் பற்றி நான் பேச வரவில்லை. லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காரணங்கள் உண்டு. பொறாமை அவற்றில் ஒன்றல்ல.

தினமும் இரவு ஏழு மணிக்கு அவன் சர்ச்சுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போகிறான். ஒன்பதுக்கு வருகிறான். நடுவில் லேப்டாப் சும்மா கிடக்கிறது. சோதனைக்காக ஒரு கார் ரேஸ் போட்டுப் பார்த்தேன். வேலூரில் நான் வாங்கிய டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு 128 எம்.பி. அவனுடையதில் 512. பெட்டியில் அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் ரேஸ் என்று வந்தால் என்னுடையது ஓடுகிறது, அவனுடையது தவழ்கிறது. நொடிக்குப் பதினெட்டுப் படம். அந்தக் கார்டு கோடு வரையப் பிறந்தது, கார் ஓட்ட அல்ல. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் அந்தத் திரை, மாமா. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தலைமுடி அளவு கோடும் தெரிகிறது. தம்பிக்கு எதற்கு அவ்வளவு தெரிய வேண்டும்? அதன் முழு அளவில் ஆடினால் படம் திக்குகிறது. அளவைக் குறைத்தால் மங்குகிறது. வேகமாகத் திருப்பினால் காருக்குப் பின்னால் ஒரு நிழல் கார் வருகிறது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடினால் வேகம் பாதி. எடை மூன்றரைக் கிலோ, மடியில் வைத்தால் தொடை வேகிறது. விசிறிச் சத்தத்துக்கு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடா, மாவு மில்லு வெச்சிட்டியா?" என்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு தவறு செய்தேன். சோதனையின் பகுதியாகத்தான். கார்டை இயக்கும் மென்பொருள், டிரைவர் என்பார்களே, அதை எடுத்துவிட்டு கேமுக்கென்று இருப்பதைப் பிரவுசிங் சென்டரில் இறக்கிவந்து போட்டேன். கார் பறந்தது. நொடிக்கு நாற்பது படம். பழையதைத் திருப்பிப் போட மனம் வரவில்லை.

மறுநாள் ஷாஜின் பேட்டர்னைத் திறந்திருக்கிறான். ஷூவின் முன்பக்கத்தில் அழகுக்காகக் குத்தும் பூத்துளை வரிசைக்காக வரைந்த கோடு திரையில் இல்லை. ஃபைலில் இருக்கிறது, புது டிரைவர் காட்டவில்லை. வரைய மறந்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி வரைந்திருக்கிறான், ஒரு நூல் தள்ளி. தோல் வெட்டும் மெஷினுக்குக் கண்ணா இருக்கிறது? இரண்டு கோட்டிலும் துளை போட்டுத் தள்ளிவிட்டது. சாம்பிளுக்கு எப்போதும் ஒற்றைக்கால் ஷூதான் செய்வார்கள். அந்த ஒற்றைக்காலில் இரட்டை வரிசைத் துளை.

நான் வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவன் வேலை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, கொஞ்சம் வேறு மாதிரியாகவும் இருந்தது. ஷூ ஆர்டர் கொடுக்க வந்த ஜெர்மன்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதையே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். பேட்டர்ன் பிரிவுத் தலைவர் சர்தார் பாஷா எங்கள் ஷிப்பிங் அறைக்கே வந்து, "உன் தம்பிக்கு மூளை ஜாஸ்தி, ஜோவின். உனக்கு அது எங்க கம்மியாச்சு?" என்று கேட்டார். அந்த இரண்டாம் வரிசை என்னுடையது, மாமா. வெளியே சொல்லவும் முடியாது. மூன்று வாரம் ஆகிறது, இப்போது அதைப் பெட்டி பெட்டியாக அனுப்ப நான்தான் பேப்பர் தயார் செய்கிறேன்.

அதன் பிறகும் அந்த டிரைவர்தான் இருக்கிறது. தினமும் சோதிக்கிறேன். அதை வைத்துக்கொண்டு அவன் எப்படித் தப்பில்லாமல் வரைகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்.

ஆகவே, வேலைக்கும் முழுதாக உதவாத, கேமுக்கும் முழுதாக உதவாத அந்த லேப்டாப்பைத் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளவும். அத்தைக்கு என் ஸ்தோத்திரம். அக்சாவுக்கு முத்தங்கள். உங்கள் சர்க்கரை குறைய நாங்கள் மூவரும் ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்,
ஜோவின்

பின்குறிப்பு: கவர் வாங்கக் கடைக்குப் போய் வந்தால், ஷாஜின் இதைப் படித்துக்கொண்டிருந்தான். படித்து முடித்து, விசிறிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டாய் என்றான். டிரைவர் விஷயம் எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு வரிசை வந்த அன்னிக்கே தெரியும்ணா. காலைல வேலைக்கு உண்டானத போட்டுக்குவேன். பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நீ போட்டத திருப்பிப் போட்டு வெச்சிட்டுப் போவேன். இல்லன்னா உனக்கு வண்டி ஓடாதே."

ஒவ்வொரு முறைக்கும் கால் மணி நேரம் ஆகும். மூன்று வாரம். தினமும் இரண்டு முறை.

லேப்டாப்பை வாங்கிக்கொள்ள வேண்டாம், மாமா. அவனிடமே இருக்கட்டும். கடிதத்தைக் கிழித்திருப்பேன். கிழித்தால் இது உங்களுக்குத் தெரியாமலே போகும், அவன் வாயால் யாரிடமும் சொல்லமாட்டான். நல்லவனாக இருப்பதிலாவது நான் முந்தியிருக்கலாம். அதிலும் அவன்தான்.