பக்கத்து வீட்டில் கேட்டது

"எதுல கேட்டீங்க?" என்று மெழுகக்கா கேட்டபோது மாவண்ணனின் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. அவசரமாக விழுங்கிவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"பக்கத்து வீட்டுல."

"பக்கத்து வீடா? பேரே நல்லா இருக்கே." மெழுகக்கா போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அது பல் செட் செய்யும் பட்டறை. ஆட்கள் மூன்றே பேர். டாக்டர்கள் அனுப்பும் வாய் அளவுகளில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பது மாவண்ணன் வேலை. சாயங்காலம் ஆனால் தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகிவிடும், அதனால் வந்த பேர். வயது ஐம்பத்தொன்றுதான். அச்சின் மேல் மெழுகில் ஈறு பிடித்துப் பல் வரிசை கட்டுகிறவள் மெழுகக்கா. முடிந்த செட்டை மோட்டாரில் கொடுத்து மெருகேற்றுகிறவன் பாலிஷ்.

மோட்டார் சத்தத்துக்காகக் காதுக்கு இயர்போன் வந்தது. இயர்போன் வழியாகப் பாட்காஸ்ட் வந்தது. அது வந்த நாளிலிருந்து பட்டறையில் பேச்சு ஒழிந்தது. மத்தியானம் சாப்பிடும் அரைமணி நேரம்தான் காதுகளுக்கு விடுதலை, அப்போதும் கேட்டதைப் பற்றித்தான் பேச்சு. மெழுகக்காவுக்குக் கொலை என்றால் உயிர். பாலிஷுக்கு நாட்டு நடப்பு.

"அந்தச் சுரங்க ஊழல் கேட்டீங்களாக்கா? மூணாவது எபிசோடு மட்டும் கேளுங்க, அப்புறம் நிறுத்தவே மாட்டீங்க."

"ஊழல்ல என்னடா இருக்கு, யாரும் சாகவே மாட்டேங்கறாங்க. நீ அந்தத் தபால்காரன் கேஸைக் கேளு."

மாவண்ணனும் கேட்டுப் பார்த்தார். அந்தக் குரல்களைக் கேட்டால் அவருக்குத் தூக்கம் வந்தது. ஒருமுறை கண்ணயர்ந்து, யாரோ ஒரு புண்ணியவானின் கீழ்த்தாடையைக் கோணலாக ஊற்றிவிட்டார். அத்தோடு விட்டுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் மூன்று நாற்காலிகள் உண்டு, மூன்றாவதில் மெழுகக்காவின் பை உட்கார்ந்திருக்கும். மாவண்ணன் மூலையில் மாவு டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். யாரும் அவரை அங்கே உட்காரச் சொல்லவில்லை, இங்கே வா என்றும் சொல்லவில்லை. மனைவி போய் மூன்று வருஷம். பட்டறையில் பேச ஆளில்லை என்றால் அன்றைக்கு அவருக்குப் பேச்சே இல்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, டின்னில் இருந்தபடியே சொல்லிவிட்டார்.

"ஒரு கிழவன். தனியா இருக்கான். சாயங்காலம் வந்ததும் உள்ள ரெண்டு தடவை தாழ்ப்பாள் போடறான். அப்புறம் ஒரு மணி நேரம் தண்ணியை ஊத்திக் கழுவிக்கிட்டே இருக்கான். அவன் பொண்டாட்டி எங்கன்னு யாருக்கும் தெரியல."

மெழுகக்காவின் கரண்டி பாதி வழியில் நின்றது. அப்போதுதான் எதில் கேட்டீங்க என்று கேட்டாள்.

நிஜமாகவே பக்கத்து வீட்டில்தான் கேட்டார். எட்டு மாதம் முன்பு மாவண்ணன் குடிவந்த அந்த மாடியில், படியேறினால் முதல் கதவு அவருடையது. அடுத்த கதவில் இரண்டு மாதமாக ஒரு பெண் இருக்கிறாள். முகம் பார்த்ததில்லை. இரண்டு சமையலறைக்கும் நடுவே இருப்பது பேருக்குச் சுவர். ராத்திரிச் சமையலுக்கு அடுப்பை மூட்டும்போது அவள் தன் அக்காவுக்குப் போன் போடுவாள், அந்தக் கிழவனைப் பற்றியே பேசுவாள். அவளுக்கு அந்தப் பக்கம் மூன்றாவதாக ஒரு கதவு உண்டு. கிழவன் அங்கே இருக்கிறான் என்று மாவண்ணன் புரிந்துகொண்டார். அந்தக் கதவு வரை நடந்து போய்ப் பார்க்க அவருக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை.

"கிடைக்க மாட்டேங்குதே," என்றாள் மெழுகக்கா, போனைத் தட்டித் தட்டி.

தனக்குத் தெரியாத பாட்காஸ்ட் ஒன்று உலகத்தில் இருப்பதைப் பாலிஷால் தாங்க முடியவில்லை. "நான் கேட்டிருக்கேன்க்கா. முதல் பாகம் கொஞ்சம் இழுவை. போகப் போகச் சூடு பிடிக்கும்."

இவன் எப்போது நம் வீட்டுப் பக்கம் வந்தான் என்று மாவண்ணன் திகைத்துப்போனார். விஷயம் புரிந்து, திருத்தலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் மெழுகக்கா பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் தட்டினாள்.

"இங்க வந்து உக்காந்து சொல்லுங்கண்ணே."

அந்த நாற்காலிக்கு முன்னால் உண்மை நிற்கவில்லை. மாவண்ணன் போய் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்று, "இன்னிக்கு எனக்கு நாற்காலி குடுத்தாங்க, தெரியுமா?" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மெழுகக்கா லிங்க் கேட்டாள். இதோடு கதையை முடித்துவிடலாம் என்று மாவண்ணன் ஒரு பொய் சொன்னார்.

"அது போன்லயெல்லாம் வராதும்மா. சாயங்காலம் ஏழரைக்கு ஒரே ஒரு தடவைதான். விட்டா போச்சு."

"நேரலையா? அப்ப தினமும் கேட்டுட்டு வந்து சொல்ற பொறுப்பு உங்களுது."

பொறுப்பு என்று வந்துவிட்டதால் மாவண்ணன் எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்தார். ஒட்டுக் கேட்பது மட்டமான காரியம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நாளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் பை மறுபடியும் நாற்காலியில் ஏறிவிடும்.

"நேத்து அவன் யார்கிட்டயோ பேசினான்க்கா," என்றது சுவர். "ஏதோ கேள்வி கேட்டான். பதிலே வரல. அப்புறம் அவனா சிரிக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு."

மறுநாள் மேஜையில் இதைச் சொன்னதும் மெழுகக்கா டப்பாவை மூடிவிட்டாள்.

"சிரிச்சானா? அப்ப அடுத்த ஆளைப் பார்த்து வச்சுட்டான்னு அர்த்தம். நான் எத்தனை கேஸ் கேட்டிருக்கேன்."

"ஒரு மணி நேரம் எதைக் கழுவறான்? அதைச் சொல்லுங்க," என்றான் பாலிஷ், கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே.

"ரத்தம்டா. வேற என்ன?"

மாவண்ணன் தலையாட்டினார். அவருக்கும் அப்படித்தான் பட்டது. "ஆளும் பார்க்கச் சகிக்காதாம். கதவு ஓட்டை வழியா பார்த்திருக்கா. தலை, புருவமெல்லாம் பஞ்சா வெளுத்து, பேய் மாதிரி படியேறி வர்றானாம்."

"இந்த வயசுல இது தேவையா அவனுக்கு?" என்றாள் மெழுகக்கா.

ஞாயிற்றுக்கிழமை சுவர் பேசவில்லை. அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை வெறும் வாயோடு போக மனமில்லாமல் மாவண்ணன், கிழவன் ஒரு மூட்டையைப் படியில் இறக்கினான் என்று சொந்தமாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

"அந்த மூட்டை வர்ற இடத்துல எனக்குப் புல்லரிச்சுப்போச்சு," என்றான் பாலிஷ்.

நாற்காலி நிலைத்தது. மெழுகக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அவர் தட்டில் வைக்கத் தொடங்கினாள். வேலை நேரத்தில்கூட ஒரு காதுக் குமிழைக் கழற்றிவிட்டு, "அண்ணே, அந்தப் பொண்டாட்டியை என்ன பண்ணியிருப்பான்?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் யாரும் அவரிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. கிழவன் நல்லவனாக இருந்து தொலைத்துவிடக் கூடாதே என்று மாவண்ணன் சுவாமியை வேண்டிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் கதை திசை மாறியது.

"இப்பல்லாம் வீட்டுக்குள்ள சத்தமே இல்லக்கா," என்றாள் அவள். "முன்னெல்லாம் பாத்திரம் உருட்டுவான், பேசுவான். இப்ப வர்றான், கழுவறான், அப்புறம் மூச்சுவிடற சத்தம்கூட இல்ல. என்னமோ திட்டம் போடறான்."

மாவண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். பயத்தில் கை வியர்த்து டம்ளர் வழுக்கித் தரையில் விழுந்து உருண்டது. எடுத்து வைத்துவிட்டு மறுபடி காது கொடுத்தபோது அந்தப் பக்கம் அவள் பேச்சை முடித்து அடுப்பை அணைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அவள் குரல் தழைந்திருந்தது. நேற்று கிழவன் வீட்டில் ஏதோ விழுந்து உருண்ட சத்தமாம். மாவண்ணன் பட்டறையில் அதை அப்படியே ஒப்பித்தார்.

"உருண்டுச்சா?" என்றான் பாலிஷ். "தலை."

மூன்று பேரும் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார்கள்.

"எனக்கு இதை என் காதால கேட்கணும்," என்றாள் மெழுகக்கா. "இன்னிக்குப் போன்ல பதிவு பண்ணிட்டு வாங்க. இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது."

எப்படியும் சுவர் வழியாக ஒன்றும் பதிவாகாது, குற்றத்தைப் போன்மீது போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு மாவண்ணன் சம்மதித்தார். போன் நல்ல போன். மகள் வெளியூரிலிருந்து அனுப்பியது. எல்லாம் பதிவானது.

சனிக்கிழமை மத்தியானம் மேஜை நடுவில் போனை வைத்து மூன்று தலைகளும் குனிந்தன.

"பயமா இருக்குக்கா. ராத்திரியில கதவுக்கு மேஜையை முட்டுக் குடுத்துட்டுப் படுக்கறேன். இரு, பால் பொங்குது... இன்னும் ரெண்டு நாள் பார்க்கறேன். இப்படியே இருந்தா போலீஸ்ல சொல்லிடறேன்."

மெழுகக்கா நிமிர்ந்தாள்.

"என்னண்ணே இது? விளம்பரமே வரல. நடிக்கிறவளுக்குப் பால் எங்கேருந்து பொங்கும்?"

மாவண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பக்கத்து வீடுன்னா, பக்கத்து வீடுதாம்மா. என் வீட்டுக்குப் பக்கத்து வீடு."



"அப்ப நான் கேட்டது வேற பக்கத்து வீடு போல," என்றான் பாலிஷ்.

அவனை யாரும் கவனிக்கவில்லை. மெழுகக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"ஒரு பொம்பளை தனியா மேஜையை முட்டுக் குடுத்துட்டுப் படுக்கறா. நீங்க அதை எங்களுக்குக் கதையா சொல்லிட்டு இருந்திருக்கீங்க. நானும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டிருக்கேன். நல்லா இருக்காண்ணே இது?"

"தப்புதான். பேச ஆளில்லாம சொல்லிட்டேன்." எழுந்து தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாவு டின் பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க? உக்காருங்க. சாயங்காலம் மூணு பேருமா போலீஸ்ல சொல்லிட்டு உங்க வீட்டுக்குப் போறோம்."

மாவண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு வந்தபின் அவரைத் தேடி ஒருவரும் படியேறியதில்லை. கொலைகாரன் புண்ணியத்தில் இன்றைக்கு இரண்டு பேர் வரப்போகிறார்கள். வீட்டில் டம்ளர் மூன்று இருக்கிறதா என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

பட்டறையிலிருந்து கை கால் கழுவாமல் நேரே போலீஸ் நிலையம் போனார்கள். அங்கே இருந்த போலீஸ்காரர் பொறுமைசாலி.

"கிழவனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபது, எழுபத்தஞ்சு இருக்கும் சார். தலையெல்லாம் வெள்ளையாம்."

போலீஸ்காரர் மாவண்ணனின் தலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

"நீங்க நேர்ல பார்த்ததில்ல."

"நல்லவேளை, பார்த்ததில்ல சார்."

போலீஸ்காரர் முன்னால் படியேற, பின்னால் மாவண்ணன், அவருக்குப் பின்னால் மெழுகக்காவும் பாலிஷும். மாவண்ணன் தன் கதவைக் காட்டி, "இதுதான் நம்ம வீடு. வேலை முடிஞ்சதும் எல்லாரும் உள்ள வந்து ஒரு டீ குடிச்சுட்டுத்தான் போகணும்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். போலீஸ்காரர் இரண்டாவது கதவைத் தாண்டி மூன்றாவதற்குப் போனார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அது மின்சார மீட்டர் ரூம்யா. அந்தப் பக்கம் வீடே இல்ல."

"அது எப்படி சார்?" என்றார் மாவண்ணன். "அந்தம்மா தினமும் சொல்றாங்களே."

"அவங்களையே கேட்டுடுவோம்."

போலீஸ்காரர் இரண்டாவது கதவைத் தட்டினார். உள்ளே மேஜை நகரும் சத்தம் கேட்டது. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் நின்ற வெள்ளைத் தலையையும் வெள்ளைப் புருவத்தையும் பார்த்தாள். பெரிய மூச்சாக ஒன்று விட்டுவிட்டுச் சங்கிலியைக் கழற்றினாள்.

"நான் இன்னும் புகாரே குடுக்கலையே சார், அதுக்குள்ள கிழவனைப் பிடிச்சுட்டீங்களா?"