குளத்துக்கு டீ ஆற்றியவர்

சும்மா இருக்கிற தண்ணீரைக் கண்டால் கோபம் வருகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் காத்து பாய். சொம்பில் இருக்கட்டும், அண்டாவில் இருக்கட்டும், கல்யாண வீட்டு ரசமாகவே இருக்கட்டும், அசையாமல் இருந்தால் அவருக்குக் கை பரபரக்கும். என் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தால், மூலையில் இருக்கும் பானையில் ஒரு டம்ளர் மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, திரும்பப் பானைக்குள்ளேயே சர்ரென்று ஊற்றுவார். அப்புறம்தான் பேச்சே.

"செத்த தண்ணிய வச்சிருக்கீங்களே தம்பி. இப்பக் குடிச்சுப் பாருங்க."

குடித்தால் பழைய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் "பிரமாதம் பாய்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு டம்ளர் மேலே போகும், என் பில் மெஷின் நனையும்.

அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஷார்ஜாவில் ஒரு மலையாளி முதலாளியின் கடையில் வெகுகாலம் டீ மாஸ்டராக இருந்தவர். தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு பூத்துகள் முளைத்த காலம் அது. திருவாரூரைச் சுற்றியிருந்த பையன்களெல்லாம் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தபோது இவர் மட்டும் எதிர்த்திசையில் வந்து இறங்கினார். "இனிமே பிளேன் ஏற மாட்டேன்" என்று அறிவித்துவிட்டு, என் பூத்துக்கு எதிரே இருந்த தன் வயலை வெட்டிக் குளமாக்கி, கட்லாவும் ரோகுவும் விட்டார். நெல் விளைகிற மண்ணில் மீனா என்று ஊரே சிரித்தது.

ஐப்பசியில் வானம் மூடிக் கிடந்த ஒரு காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாய்க்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"தம்பி, இங்க ஓடி வாங்க! புள்ளைங்க பசிக்குதுன்னு கேக்குதுங்க!"

தவிடும் புண்ணாக்கும் கூடை கூடையாகக் கொட்டினார். மறுநாள் குளம் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. பார்க்க வந்த மீன்துறை அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அதுங்க கேட்டது சோறு இல்லைங்க, மூச்சு. வெயில் அடிச்சாத்தான் பாசி தண்ணிக்குள்ள ஆக்சிஜனை விடும். மூட்டம் போட்டா அதுவும் மீனோட சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். நீங்க போட்ட தீனி அழுகி, மிச்சம் மீதி இருந்ததையும் குடிச்சிடுச்சு."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மும்தாஜ் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

"எங்களுக்கும் இதத்தானே செஞ்சீங்க? இங்க நாங்க மூச்சு முட்டி நின்னா, அங்கேருந்து பொட்டி பொட்டியா சாக்லேட்டும் சென்ட்டும் வரும்."

அன்றைக்குப் பிறகுதான் அவர் காத்து பாய் ஆனார்.

"டீய ஏன் தம்பி ஆத்துறோம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"சூடு ஆற."

"தப்பு. நொரை வருதே, அது என்ன? காத்து! ஒசரத்துலேருந்து ஊத்த ஊத்த உள்ள காத்து போவுது. ஆயுசு பூரா காத்துதான் வித்திருக்கேன், எனக்கே தெரியல பாருங்க!"

மறுவாரம் குளத்து நடுவே மூங்கில் பரண் எழுந்தது. மோட்டார் தண்ணீரை மேலே தூக்க, ஓட்டை போட்ட தகரம் வழியாக அது மழையாகக் கொட்டியது. கரண்ட் போனால்? அதற்கும் வழி வைத்திருந்தார். கரையோரம் ஒரு பழைய சைக்கிளை நிலையாக நிறுத்தி, பின் சக்கரத்தில் தகரத் துடுப்புகளைக் கட்டினார். மிதித்தால் தண்ணீர் பனைமர உயரத்துக்குத் தெறிக்கும். பாதி மிதிக்கிறவர் மேல்தான் விழும்.

அதிலிருந்து அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. "உக்காருங்க, பேசிக்கிட்டே மிதிங்க" என்பார். லைன்மேன் வந்தால், "கரண்ட நிறுத்தினது நீங்கதானே? நீங்களே மிதிங்க." மகள் ஷமீமாவுக்கு வரன் கொண்டுவந்த தரகர் மிதித்த மிதியில் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைச் சொல்லி முடிக்கவே இல்லை. "பையன்... துபாய்ல... பெரிய..." என்று அவருக்கு மூச்சு இரைத்ததைப் பார்த்து, பாய் அவரையும் மீன் கணக்கில் சேர்த்து விசிறிவிட்டார். அந்தத் தரகர் பிறகு எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை.

இத்தனை கூத்துக்கும் அடியில் ஒரு விஷயம் இருந்தது. போன் என்னுடையது என்பதால் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மதியமானால் ஷார்ஜா முதலாளி கூப்பிடுவார். மாஸ்டர் இல்லாமல் கடை காற்றாடுகிறது, விசா தயார், வந்துவிடு என்பார். பாய் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். ஆனால் வீட்டில் பேச்சு முடிந்திருந்தது. இரண்டாவதாக விட்ட இந்த மீன்களும் செத்தால் பாய் திரும்பவும் பிளேன் ஏற வேண்டியதுதான்.

ஷார்ஜாவுக்கு அவர் பயப்படவில்லை; மகளை விட்டுப் போகத்தான் பயந்தார். அப்பாவைப் போட்டோவில் பார்த்தும் போனில் கேட்டும் மட்டுமே வளர்ந்து காலேஜுக்கு வந்துவிட்ட ஷமீமாவுக்கு அவர் 'அத்தா' இல்லை, வெறும் 'அவங்க'. "அம்மா, அவங்க சாப்பிட வரலையான்னு கேளு" என்பாள், பக்கத்தில் அவரே நிற்கும்போது.

"வாய்க்கு வரல தம்பி, பாவம்" என்றார் ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டே. "பழகணும்ல? பழகுறதுக்கு நான் இங்க இருக்கணும்ல?"

அடுத்த வருஷம் கார்த்திகையில் வந்தது சோதனை. புயல் கடலிலேயே வலுவிழந்துவிட்டது. ஆனால் கரண்டைக் கொண்டுபோய்விட்டது. வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது, ஓர் இலை அசையவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. பாய் பாய்ந்து போய் மிதித்த வேகத்தில் சைக்கிள் செயின் அறுந்தது. இடுப்பளவு தண்ணீரில் குதித்து, வாளியில் மொண்டு, தலைக்கு மேல் தூக்கி ஊற்றத் தொடங்கினார்.

ஜும்மா தொழுகை முடிந்து வெள்ளை வெளேரென்று வந்த கூட்டம் கரையில் நின்று விழித்தது.

"என்ன பாக்குறீங்க? எம் பொழப்பு சாவுது! எறங்குங்க!"

இறங்கினார்கள். பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களோடு வந்தார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"ஒசத்தி ஊத்துங்க! டீ குடிச்சதே இல்லையா நீங்கல்லாம்?" என்று கத்தினார் பாய்.

பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு கையிலும் சொம்போடு இறங்கி, பாயை விட ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றிக் காட்டினார். பாய் விடுவாரா? கரையேறி, வேலிக்கல் மேல் நின்று வாளியைக் கவிழ்த்தார். ஒரு ஆச்சி, "எனக்குச் சக்கரை கம்மியா!" என்றாள். குளமே சிரித்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே என் பூத்தில் போன் அடித்தது. நான் நடுக்குளத்தில் இருந்தேன்; ஷமீமா குடத்தோடு கரையோரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஷமீமா, எடும்மா!" என்று கத்திவிட்டு நானும் கரையேறி ஓடினேன். வாசலை எட்டும்போது அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டரா? இல்லீங்க, எங்க அத்தா இப்ப வர முடியாது." தாவணி சொட்டச் சொட்ட நின்றாள். "இப்பன்னு இல்ல, எப்பவுமே வர மாட்டாங்க. எங்க அத்தாவுக்கு இங்க வேல இருக்கு."

போனை வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மைக் செட்காரர் ஜெனரேட்டரோடு வந்தார். வழக்கப்படி முதலில் மைக்கை மாட்டி "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்த்து, திட்டு வாங்கிய பிறகே மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்தார். பரண் மழை கொட்டியது. சாயங்காலத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. ஏழெட்டுதான் மிதந்தன.

பாய் ஈரத்தோடு பூத்துக்கு வந்தார். "ஷார்ஜாலேருந்து கூப்பிட்டிருப்பாங்களே தம்பி?"

ஷமீமா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். 'எங்க அத்தா' என்பதை இரண்டு தடவை சொன்னேன், அவள் இரண்டு தடவை சொன்னதால்.

மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். மேலே வந்த கட்லா மாதிரியே நின்றார். எனக்குப் பயமாகிவிட்டது. பானையில் ஒரு டம்ளர் மொண்டு, என் தலைக்கு மேல் தூக்கி, இன்னொரு டம்ளரில் சர்ரென்று ஊற்றிக் கொடுத்தேன். பாதி சட்டையில் போனது. மீதியைக் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம் தம்பி" என்றார்.

அவர் போனதும் நானும் ஒரு டம்ளர் அப்படியே ஆற்றிக் குடித்துப் பார்த்தேன். பாய் சொன்னது சரிதான். பிரமாதமாக இருந்தது.