ஆறு இலக்கப் பெட்டியும் எட்டு இலக்கப் பொத்தானும்

மனித குலத்தை ஒன்றுசேர்த்தவை இரண்டு. ஒன்று நெருப்பு; மற்றது எங்கள் அலுவலகத்தின் ‘வடிவமைப்பு ஆவணக் கருவி’. இரண்டாவதற்கு நான்தான் பொறுப்பாளர் என்பதால் முதலாவதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, கண்ணுகளா.

கருவி வருவதற்கு முன் நிலைமை படுமோசம். மருத்துவமனைச் செயலிக்குத் திரை வரையும் பெண்ணும், அதற்கு நிரல் எழுதுகிறவரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பி, வாயாலேயே கேட்டுவிடுவார்கள். எழுத்தில் ஒரு சாட்சியமும் மிஞ்சாது. அப்படியொரு காட்டுமிராண்டிக் காலம்.

மேலாளர் கருவியை வாங்கினார். என்னைப் ‘பாலம்’ என்று நியமித்தார். இனி எல்லாக் கேள்விகளும் ஆவணத்தில்தான். பாலம் ஒப்புதல் தந்த பிறகே எதிர்த்தரப்பின் கண்ணில் படும். நாற்காலிச் சக்கரங்களைக் கழற்றச் சொன்னது மட்டும் என் சொந்த யோசனை.

உழைத்தேன். பொத்தானின் மூலை எவ்வளவு வளையலாம் என்பதற்கே நாற்பது பக்கம். முன்னுரையை ஏழு முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அதிலிருந்த என் புகைப்படம் சற்றுப் பெரிதானது.

செயலி வெளியான மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள். கண் அறுவை முடிந்தவள். அந்த வாரமே மருத்துவர் பார்த்தாக வேண்டும். முன்பதிவோ எங்கள் செயலியில் மட்டும்.

“ஏண்டி, நோயாளி நம்பர் போடுற உங்க பெட்டி ஆறு நம்பருக்கு மேல வாங்க மாட்டேங்குது. கீழ பொத்தான அமுக்குனா எட்டு நம்பர் வேணுங்குது. மிச்சம் ரெண்ட நான் எங்கடி வைக்கிறது?”

“ஆவணத்துல பாத்துச் சொல்றேன்க்கா.”

“கண்ணு தண்ணியா கொட்டுது. சீக்கிரம் பாரு.”

பார்த்தேன். ‘நோயாளி எண் ஆறு இலக்கம்தானே?’ என்று திரை வரைபவள் கேட்டிருந்தாள். ‘எட்டு இலக்கம்தானே?’ என்று நிரல் எழுதுகிறவர் கேட்டிருந்தார். இரண்டு கேள்விகளும் பத்தொன்பது நாளாக என் ஒப்புதலுக்குக் காத்திருந்தன.

நேரே போய், அறை நடுவே நின்று கேட்டேன். வாயால்தான்.

“நோயாளி நம்பர் எத்தனை இலக்கம்?”

“ஆறு,” என்றாள் அவள்.

“எட்டுங்க. ஆஸ்பத்திரி கார்டுலயே எட்டுதான் இருக்கு,” என்றார் அவர்.

“அத எங்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்று அவள் அவரைக் கேட்டாள்.

“சொன்னேனே, பாலம் வழியா.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரை விளக்கைப் பார்த்தேன்.

நாலே நிமிடத்தில் பெட்டி அகலமானது. மாலைக்குள் அக்காவுக்கு நேரம் கிடைத்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அந்தக் கண்ணுக்கு உத்தரவாதமில்லை என்றாராம் மருத்துவர்.

மேலாளர் பிழை அறிக்கை கேட்டார். ‘காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கருவி ஏற்காது, அவ்வளவு நேர்மையானது. எனவே அதில் என் பெயரை எழுதினேன். அதற்கு ஒப்புதல் தர வேண்டியவரும் நானே. ஒரு மாதமாகிறது. தீவிரமாகப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன்.