சுங்கச் சாவடி தாண்டிய முட்டைகள்

அபிஷேகப்பாக்கம்,
1936, மாசி மாதம்

சைகோன் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை சாமிநாதன் அவர்களுக்கு, மாமனார் சிவப்பிரகாசம் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று முதலில் எழுத வேண்டும் என்பார்கள், எழுதிவிட்டேன். இனி நடப்பதை எழுதுகிறேன்.

தாங்கள் ரஜாவில் வந்து போனதன் பலனாக என் மகள் அம்சவள்ளி மறுபடி முழுகாமல் இருப்பது தங்களுக்குத் தெரியும். இப்போது ஆறாம் மாதம். நாமாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறது, வயிறு அப்படி ஒட்டிக் கிடக்கிறது. பெரியவர்களைக் குறை சொல்லக் கூடாது, ஆகையால் ஒரே ஒரு குறை மட்டும் சொல்கிறேன். தங்கள் தாயார் தையலம்மாள் என் மகளுக்குச் சோறு போடுவதில்லை. காலையில் கஞ்சித் தண்ணீர், மத்தியானம் ஒரு பிடி சோறும் ரசமும், ராத்திரி அதுவும் சந்தேகம். பருப்பு, மீன், பால் எதையும் கண்ணில் காட்டுவதில்லை. போன தடவையும் இப்படித்தான். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு எலும்பும் தோலுமாக வந்தாள். பிறந்த பிள்ளை கோழிக்குஞ்சு போல இருந்தது, தங்கவில்லை. நான்தான் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அது எவ்வளவு லேசாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை அப்படி நடக்க விடமாட்டேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் என்னை உட்காரவைத்து விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். சோறும் கஞ்சியும் தாய்க்குத் தெம்பு கொடுக்குமாம், ஆனால் வயிற்றுப் பிள்ளைக்குச் சதையும் ரத்தமும் மூளையும் கட்டுவது பருப்பு, பயறு, முட்டை, மீன், பாலில் இருக்கிற சத்துதானாம். அது தாய்க்குக் கிடைக்காவிட்டால் பிள்ளை தாயின் சதையையே எடுத்துக்கொள்ளும், அங்கேயும் இல்லாவிட்டால் வளராமல் நின்றுவிடும் என்றார். இதை அட்சரம் பிசகாமல் தங்கள் தாயாரிடம் ஒப்பித்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, பெத்தவ நானா நீங்களா? உள்ள சின்னதா இருந்தாத்தான் சொகமா வெளிய வரும். வந்த பொறவு எவ்ளோ வேணும்னாலும் வளத்துக்கலாம். எங்க அக்கா நல்லாத் தின்னா, புள்ள பெருத்துப் போச்சு, வெளிய வரல. ரெண்டு உசுரும் போச்சு. எங்கிட்ட முட்டைக் கதை பேசாதீங்க."

அதற்குமேல் பேசினால் சம்மந்தத்துக்குப் பங்கம் என்று செயலில் இறங்கினேன். வண்டி கட்டிக்கொண்டு ஒரு கூடை முட்டையோடு தங்கள் ஊர் பாகூருக்குப் புறப்பட்டேன். நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் பூமி கிடப்பது தாங்கள் அறிந்ததே. பிரெஞ்சுக்காரன் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரன் ஊருக்குத்தான் போகிறேன் என்று எவ்வளவு சொல்லியும் சுங்கச் சாவடிச் சேவகன் வைக்கோலைக் கிளறினான். "இது இன்னாய்யா?" என்றான். முட்டை என்றேன். "முட்டைன்னு தெரியுது, உள்ள சாராயம் கீராயம் ஊத்தி எடுத்துக்கினு போறியா?" என்றான். முட்டைக்குள் சாராயம் ஊற்றும் வித்தை தெரிந்தால் நான் ஏன் ஏர் ஓட்டுகிறேன்? இருந்தாலும் அவன் எதிரிலேயே ஒன்றை உடைத்துக் குடித்துக் காட்டினேன். இன்னொன்று என்றான். அதையும் குடித்தேன். இப்படியே பாகூர் போய்ச் சேர்ந்தபோது பாதி கூடையிலும் பாதி என் வயிற்றிலும் இருந்தன. கூடையில் இருந்ததைத் தங்கள் தாயார் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த தடவை அவித்த முட்டைகளைத் தலைப்பாகைக்குள் சுற்றிக் கட்டிக்கொண்டு போனேன். சாவடிக்காரன் கும்பிட்டு வழிவிட்டான். வீட்டு வாசலில் கால் கழுவக் குனிந்தேன், எல்லாம் உருண்டு முற்றத்துக்குப் போய்விட்டன. தங்கள் தாயார் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறியில் வைத்தார். தங்கள் தகப்பனார் தங்கவேலு சம்மந்தி கொல்லையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

மூன்றாவதாக, பயத்தமாவு உருண்டை பிடித்து, வில்லியனூர்க் கோயில் பிரசாதம் என்று சொல்லிக் கொடுத்தேன். பிரசாதத்தை வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா? தங்கள் தாயார் சொல்லவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு, கர்ப்பிணிக்கு ஒரு கிள்ளு கொடுத்துவிட்டு, மீதியைத் தெரு முழுக்கப் பக்தியோடு பங்கிட்டுவிட்டார். இப்போது அந்தத் தெருவில் என் மகளைத் தவிர எல்லோரும் புஷ்டியாக இருக்கிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, பொறுத்தது போதும். நாளைக் காலை வண்டியோடு போய் என் மகளை அழைத்து வந்துவிடுவேன். முறை பேசுகிறவர்கள் பேசட்டும். நீங்களும் உங்கள் அம்மாவுக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுத வேண்டும். பெற்ற தாய் என்று தயவு பார்க்காதீர்கள்.

தங்கள் உத்தியோகம் உயரவும், உடம்பு பெருக்கவும் ஈசன் அருள்வாராக. அங்கேயாவது ஒருவர் வயிறாரச் சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பே போய்விட்டு வந்தேன். அம்சவள்ளி வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய், "நான் வந்துட்டா அத்தைய யாருப்பா பாத்துக்குவாங்க?" என்றாள்.

"அந்தம்மாவுக்கு இன்னா?"

"எனக்கு இன்னாவோ அதேதாம்பா. நாலு மாசம்."

தங்கள் தாயாரும் முழுகாமல் இருக்கிறாராம். தோளுக்குமேல் வளர்ந்த மகன் இருக்கும்போது இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல், தானும் அதே கஞ்சித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, அக்காளை நினைத்துப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறார். ஒரு நாள் மயங்கி விழுந்தபோது இவளுக்குத் தெரிந்துவிட்டது. உறியில் இருந்த முட்டைகளை எடுத்து, "நீங்க ஒண்ணு தின்னாத்தான் நான் ஒண்ணு தின்பேன்" என்று பிடிவாதம் பிடித்தாளாம். அழுதுகொண்டே தின்றாராம்.

திரும்பும்போது தங்கள் தாயார் கதவுக்குப் பின்னால் நின்று, "சம்மந்தி, எனக்கும் பொழைக்கணும்னு ஆசையாத்தான் இருக்குது. எம் புள்ளைக்கு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன். ஆகையால் மேலே உள்ள கடிதத்தையும் மறந்துவிடுங்கள், இந்தப் பின்குறிப்பையும் நீங்கள் படிக்கவில்லை. கடுமையாக எதுவும் எழுத வேண்டாம். சைகோனில் பெரிய டாக்டர் ஒருவர் சொன்னதாக, வீட்டில் இருக்கும் பெண்கள் தினமும் பருப்பும் முட்டையும் மீனும் சாப்பிட வேண்டும் என்று மட்டும் அடுத்த கப்பலிலேயே எழுதிப் போடுங்கள். நான் சொல்லிக் கேட்காதவர் மகன் சொன்னால் கேட்பார். பெண்கள் என்று எழுதும் இடத்தில், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் என்று சேர்த்து எழுதவும்.