மாமியின் போனில் மருமகனின் விரல்

‘கொண்டாங்க பாப்பம்’ என்றொரு இனம் நம் நடுவே வாழ்கிறது. கொம்பு இல்லை, வால் இல்லை. சட்டைப் பையில் இரண்டு போன், இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, உலகத்துக்கு உதவவே பிறந்த ஒரு முகக்களை, இவ்வளவுதான் அடையாளம். நம்பிக்கை வராவிட்டால் கலியாண வீட்டிலோ பஸ் தரிப்பிலோ உங்கள் போனைச் சும்மா வெளியே எடுத்துப் பாருங்கள். நேரம் பார்க்கத்தான் எடுத்திருப்பீர்கள். கண்ணாடி கொண்டு வராததால் புருவம் கொஞ்சம் சுருங்கியிருக்கும். அது போதும். எங்கிருந்தோ ஒரு கை நீளும்.

“கொண்டாங்க பாப்பம்.”

போன் போய்விட்டது. திரும்பி வரும்போது எழுத்து சிறுத்திருக்கும், மணியோசை மாறியிருக்கும், நீங்கள் ஆசையாய் வைத்திருந்த பேத்தியின் படம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு தேசத்துப் பனிமலை நிற்கும். “இனி ஸ்பீடா வேல செய்யும்” என்பார்கள். நன்றி சொல்லாமல் தப்ப முடியுமா? இந்த இனம் கூலி வாங்குவதில்லை என்பதுதான் பெரிய வில்லங்கமே. கூலி கேட்டால் கொடுத்துவிட்டு வாசல் கதவைச் சாத்தலாம். இவர்கள் கேட்பது நீங்கள் ஒன்றும் தெரியாதவராகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

தில்லையடியில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் றஸீன். பாலாவிச் சந்தியில் லொறி டயர்க் கடை வைத்திருக்கிறார். கொஞ்சக் காலம் கட்டாரில் இருந்து வந்தவர் என்பதால் தொழில்நுட்பம் அவருடைய இரத்தத்தில் ஓடுவதாக ஊரில் ஒரு நம்பிக்கை. அங்கே அவர் பேக்கரியில் மாக் குழைத்தார் என்பதை ஊர் நாகரிகமாக மறந்துவிட்டது. நம் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த கையோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தவர். வீட்டோடு மருமகனுக்கு மீனின் நடுத்துண்டு கிடைக்கும், காற்றாடிக்கு நேரே கதிரை கிடைக்கும், தூங்கும்போது யாரும் சத்தம் போடமாட்டார்கள். மானமுள்ள மனிதன் இதற்கெல்லாம் எப்படிக் கைம்மாறு செய்வான்? றஸீன் அந்த வீட்டில் மின்சாரத்தில் ஓடுகிற எதையும் வேறு யாரும் தொட விடாமல் கைம்மாறு செய்தார்.

அவருடைய மாமி ரபியா ரீச்சர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் ஓய்வூதியம் வங்கிக்கு வரும். வங்கி அட்டை மட்டும் மருமகனின் பேர்ஸில் இருந்தது. “மாமிக்கு எதுக்கு வீண் அலைச்சல்?” என்று ஒருநாள் வாங்கி வைத்தவர், அந்த அலைச்சலை அன்று தொட்டுத் தானே சுமந்து வந்தார். ரீச்சர் கேட்கும் போதெல்லாம் காசு எடுத்து வந்து கொடுத்தார். ஒரு சதமும் குறைந்ததில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் தலையை இலேசாகச் சரித்து ஒரு கேள்வி கேட்பார்.

“எதுக்கு மாமி?”

அதில் அதிகாரம் இல்லை. அன்புதான். அதிகாரத்தோடு கேட்டால் சண்டை பிடிக்கலாம். அன்போடு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கத்தரிக்காய் வாங்க என்றார், மருந்துக்கு என்றார், ஒரு மையத்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போக என்றார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பதில் சொல்ல வெட்கமான சில பொருட்களை ரீச்சர் வாங்காமலே விட்டுவிட்டார். அவற்றில் ஒன்று, நடப்பதற்கான ஒரு சோடிச் சப்பாத்து. பக்கத்து ஒழுங்கை உம்மு குல்சூமும் அவரும் காலையில் களப்புத் தண்ணீரோரம் நடக்கப் போவார்கள். உம்மு குல்சூமின் காலில் தோடம்பழ நிறத்தில், பளிச்சென்ற ஆரஞ்சாக, ஒரு சப்பாத்து. அது தரையைத் தொட்டும் தொடாமலும் போகும். ரீச்சரின் காலில் ரப்பர்ச் செருப்பு. அது ஒவ்வோர் அடிக்கும் அவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வரும்.

“போனால டப் பண்ணு ரபியா,” என்றார் உம்மு குல்சூம். “மெஷினுக்கிட்ட புடிச்சா டிங் எண்டும். பேங்க் காட்டும் தேவல்ல, காசும் தேவல்ல, மருமகனும் தேவல்ல.”

ஆகா! ரீச்சர் வங்கியின் செயலியைத் தானே இறக்கினார். என்ன செய்ய வேண்டும் என்பதை உம்மு குல்சூமிடம் கேட்டு மனதில் ஒழுங்காக அடுக்கிக்கொண்டார். மேசையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, பரீட்சைக்கு உட்காரும் பிள்ளையைப் போல உட்கார்ந்தார். அட்டையைப் படம் எடுக்கச் சொன்னது செயலி. அட்டை எங்கே?

“மருமகன், அந்தக் காட்ட ஒருக்கா தாறீங்களா?”

“எதுக்கு மாமி?”

“போன்ல போட. டப் பண்ணுறதுக்கு.”

றஸீனின் முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது.

“கொண்டாங்க பாப்பம்.”

“இல்ல, நான் பாத்துப் பாத்து மெதுவா...”

“ஒரு நிமிஷ வேல மாமி.”

இந்த ஒரு நிமிஷத்துக்கென்று ஒரு சடங்கு இருக்கிறது, தெரியுமா? முதலில் போனைக் கையில் நிறுத்துப் பார்த்து, பிந்திக் கொண்டுவரப்பட்ட நோயாளியைக் கண்ட டொக்டர் மாதிரி நாக்கால் ‘த்சு’ என்று ஒரு சத்தம். “எவ்வளவு காலமா அப்டேட் பண்ணல்ல?” பிறகு அமைப்புகளுக்குள் இறங்குதல். “என்.எஃப்.சி. ஈக்கணும். இந்த மொடல்ல அது ஈக்காது.” அது இருந்தது. “ஈக்கிது. ஒளிச்சி வெச்சீக்கிறானுகள்.” பிறகு அட்டையைப் படம் எடுத்தல். வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று விளக்கை அணைத்தார். இருட்டு என்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அட்டை பறக்கும் என்று காற்றாடியை நிறுத்தச் சொன்னார். மனைவி நிஸ்மியா வியர்த்தபடி திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாஸ்போட் படத்துக்குக்கூட அந்த வீட்டில் யாரும் இவ்வளவு பாடுபட்டதில்லை.

அடுத்து வங்கியிலிருந்து ஓ.டி.பி. வந்தது. றஸீன் அதை ஒவ்வோர் இலக்கமாக, மதிலுக்கு அப்பால் உடுப்புக் காயப்போடுகிற பெண்ணுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு, “இத யாருக்கும் சொல்லப்படாது, விளங்குதா?” என்றார்.

அதன் பிறகு செயலி ஒரு இரகசிய எண் கேட்டது. றஸீன் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று எதையோ அழுத்தினார்.

“என்ன நம்பர் போட்டீங்க மருமகன்?”

“அது ரகசியம் மாமி. யாருக்கும் சொல்லப்படாது.”

“எனக்குமா?”

“பேங்க்ல அப்பிடித்தானே சொல்றானுகள்.”

ரீச்சர் குசினிக்குப் போய்விட்டார். ஒரு நிமிஷம் அதற்குள் பின்னேர அசர் தொழுகையைத் தாண்டியிருந்தது, சட்டியில் இறால் காத்திருந்தது. பாதி இறால் உரித்திருப்பார், முன்னறையிலிருந்து கூச்சல்.

“மாமி, ஓடி வாங்க! விரல் கேக்குது!”

“இறால் கை. கழுவிட்டு வாறன்.”

பைப்பைத் திறந்தார். இங்கேதான் இந்த இனத்தின் உயிர்நாடி இருக்கிறது. ஒரு மனுஷி கை கழுவி, துடைத்து, அறையைக் கடந்து வரும் நேரத்தை இவர்களால் பொறுக்க முடியாது. திரை விரல் கேட்கிறது, தன்னிடமும் விரல் இருக்கிறது, பிறகென்ன?

“ஆ, தேவல்ல மாமி! முடிஞ்சி!”

ரீச்சர் ஈரக் கையோடு வந்து நின்றார். “யாருட விரல் போட்டீங்க?”

“எண்டதுதான். நம்ம வீட்டு விரல்தானே! அது சும்மா ஒரு இதுக்கு மாமி. நீங்க மெஷின்ல டப் பண்ணுங்க, டிங் எண்டு போகும்.”

சனிக்கிழமை காலை ரீச்சரும் உம்மு குல்சூமும் ஓட்டோவில் டவுனுக்குப் போனார்கள். கடையில் தோடம்பழ நிறச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ரீச்சர் கண்ணாடி வரை நடந்து போய் வந்தார். இன்னொருமுறையும் போய் வந்தார். தேவை இல்லாமல் மூன்றாவது முறையும். பிறகு காசாளர்ப் பெண்ணிடம் போய், வீட்டில் கண்ணாடி முன் பழகி வைத்திருந்த அலட்சியத்தோடு, “டப் பண்ணுறன்” என்றார். மெஷின் நீண்டது. போன் நீண்டது.

போன் விரல் கேட்டது.

ரீச்சர் பெருவிரலை வைத்தார். ‘பொருந்தவில்லை’ என்றது. சுட்டுவிரல், நடுவிரல், மற்றக் கை. பொருந்தவில்லை. உம்மு குல்சூம் தன் விரலை வைத்தார். காசாளர்ப் பெண்ணும் ஒரு வேகத்தில் தன் விரலை நீட்டிவிட்டு, வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டாள். பின்னால் வரிசை வளர்ந்தது. இரகசிய எண்ணைப் போடுங்கள் என்றது போன். வங்கியின் கட்டளைக்கு இவ்வளவு பணிந்து நடந்த ஒரு குடும்பத்தை அது பார்த்திருக்காது: அந்த எண் உரியவருக்கே தெரியாது.

ரீச்சர் மருமகனுக்கு அழைத்தார்.

“எங்க நிக்கிறீங்க மாமி? அங்கயே நில்லுங்க. அசையாதீங்க!” என்றார் றஸீன், களப்புச் சேற்றில் புதைந்தவரிடம் சொல்வது போல.

மோட்டார் சைக்கிளில் வந்தார். டயர்க் கரி படிந்த பெருவிரலைக் காற்சட்டையில் துடைத்தபடி, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, “கொண்டக்ட்லெஸ்,” என்று விளக்கினார். “மாமிக்கு நான்தான் செட் பண்ணிக் குடுத்த. நான் இல்லாட்டி ஒண்டும் ஏலாது.” வரிசை தலையசைத்தது. இப்படி ஒரு மருமகன் நமக்கு வாய்க்கவில்லையே என்று ஒரு கிழவர் பெருமூச்சும் விட்டார். பெருவிரல் போனை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. கண் மேசையில் இருந்த சப்பாத்தின் மேல் போனது.

“எதுக்கு மாமி?”

இவ்வளவு நாளும் வீட்டுக்குள் இருந்த கேள்வி அன்றைக்குக் கடைக்கு வந்தது.

“நடக்க,” என்றார் ரீச்சர்.

“நடக்க செருப்பு ஈக்குதே. அதுவும் இந்தக் கலரா? சின்னப் புள்ளையள் போடுற கலர் மாமி. ஆக்கள் சிரிப்பாங்க.” உரிமையோடு ராக்கைப் பக்கம் போய், காய்ந்த மாட்டுச் சாண நிறத்தில் ஒரு சோடியைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். “இதுல ஊத்த பட்டாலும் தெரியாது.” விரலை வைத்தார். டிங்.

எல்லோருக்கும் சந்தோஷம். ரீச்சர் மட்டும் அந்தத் தோடம்பழ நிறம் திரும்பவும் பெட்டிக்குள் போவதை, மூடி மூடப்படும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ட மருமகன் தங்கமான புள்ளதான்,” என்றார் உம்மு குல்சூம், வெளியே வந்து ஓட்டோவுக்கு நின்றபோது. “அந்த விரலத்தான் வெட்டணும்.”

“வெட்டத் தேவல்ல. அழிச்சா போதும்.”

ஆனால் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க மீண்டும் அட்டை வேண்டும். அன்று பின்னேரம் காற்றாடிக்கு நேரே சாய்ந்திருந்த மருமகனின் முன் ரீச்சர் போய் நின்றார்.

“காட்ட தாங்க மருமகன்.”

றஸீன் தலையைச் சரித்தார். “எதுக்கு மாமி?”

எத்தனையோ வருஷம் அந்தக் கேள்விக்குக் கத்தரிக்காயும் மருந்தும் மையத்து வீடும் பதிலாகப் போயிருக்கின்றன. ரீச்சர் வாயைத் திறந்தார்.

“சும்மா.”

றஸீன் காத்திருந்தார். அதற்குப் பின்னால் ஏதாவது வரும் என்று நினைத்தார். வரவில்லை. ‘சும்மா’வுக்கு என்ன மறுகேள்வி கேட்பது? கட்டாரில்கூட அதற்குப் பதில் இருந்திருக்காது. பேர்ஸைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை சற்று நேரம் வெறுமையாக அந்தரத்தில் நின்றது.

உம்மு குல்சூமின் வீட்டு மேசையில் வேலை நடந்தது. ரீச்சர் போனின் அமைப்புகளுக்குள் தானே போய் மருமகனின் விரலைத் தேடிப் பிடித்து அழித்து, தன் பெருவிரலைப் பதித்தார். செயலியில் ‘எண் மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினார். அட்டையைப் படம் எடுத்தார். முதல் படத்தில் மேசை விரிப்புத்தான் தெளிவாக விழுந்தது. ஓ.டி.பி.யைப் பிழையாக அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த உம்மு குல்சூமின் கை தானாக நீண்டது.

“கொண்டா பாப்...”

ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். உம்மு குல்சூம் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். பாவம், அவரும் என்ன செய்வார்? இந்த நோய் காற்றில் பரவுகிறது.

திங்கட்கிழமை அந்தச் சாண நிறச் சோடியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். விலை வித்தியாசத்துக்கு ரீச்சர் போனை நீட்டினார். விரல் கேட்டது, வைத்தார். டிங். வரிசையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அலட்சியம் ரீச்சருக்கு எவ்வளவு இனித்தது என்பதை நான் என்ன சொல்ல?

பின்னேரம் வாசலில் கிடந்த தோடம்பழ நிறத்தைக் கண்ட றஸீன், மேசையில் இருந்த போனை எடுத்துப் பெருவிரலை வைத்தார். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார். பிழை தன் விரலில் இருக்கலாம் என்ற எண்ணம் வாசல் வரை வந்து, உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போனது.

“மாமி, போனுக்கு வைரஸ் வந்தீக்கிது,” என்றார்.

“ஓம் மருமகன்,” என்றார் ரீச்சர். “இப்பதான் சுகமாகுது.”

றஸீன் அன்றிரவு நடுத்துண்டைச் சரியாகச் சாப்பிடவில்லையாம். கவலை வேண்டாம். மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புது போனைக் கையில் வைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார்.

இதை நீங்கள் றஸீனுக்கு வாசித்துக் காட்டலாம். அவர் கோபிக்கவே மாட்டார். விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பிடியே நம்ம கூட்டாளி நஜாத்துதான்!” என்பார். நஜாத்திடம் காட்டினால் அவர் வேறொருவரின் பெயரைச் சொல்வார். இந்த இனத்தில் எவருக்கும் தன்னை அடையாளம் தெரியாது. மற்றவரை மட்டும் உடனே தெரிந்துவிடும்.

சரி, வாசித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு யாருடைய பெயர் ஞாபகம் வந்தது?